எலக்ட்ரான் ஏன் வளைகிறது? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற இரண்டு இணைத் தட்டுகளுக்கு நடுவே உள்ள சீரான மின்புலத்தில் எலக்ட்ரான் புலக்கோட்டின் வழியேதானே போக வேண்டும்? பாதை பரவளையம் என்கிறார்களே சார்?

பதில்: ஓய்வில் வைத்து விட்டால் கோட்டோடுதான் போகும், புலத்துக்கு எதிர்த்திசையில். குறுக்கே நுழைந்தால்தான் பரவளையம். புலக்கோடு காட்டுவது விசையின் திசையை, பாதையை அல்ல. தட்டுகளைத் தாண்டியதும் நேர்கோடுதான். படம் வரையும்போது அங்கேயும் வளைத்துக்கொண்டே போகாதீர்கள்!

கேள்வி: ஈர்ப்பு விசையை ஏன் விட்டுவிடுகிறோம்?

பதில்: கணக்குப் போட்டே பார்ப்போம். புலம் மீட்டருக்கு 1000 வோல்ட், தட்டின் நீளம் 5 செ.மீ., எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு 1 கோடி மீட்டர். கடக்க ஆகும் நேரம் 5 நானோநொடி. முடுக்கம் சுமார் 1.76 × 10¹⁴ மீ/வி². விலக்கம் 2.2 மி.மீ. அதே நேரத்தில் புவியீர்ப்பால் அது விழும் தூரம் ஒரு புரோட்டானின் ஆரத்தைவிடக் குறைவு. சேர்த்தாலும் விடை மாறாது.

கேள்வி: புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனமானது, அதனால் அத்தனை மடங்கு குறைவாக வளையும், சரியா?

பதில்: வேகம் சமமாக இருந்தால் சரி. இயக்க ஆற்றல் சமமாக இருந்தால் இரண்டும் ஒரே அளவு வளையும், எதிரெதிர்ப் பக்கமாக. புரோட்டான் கனமானது, ஆனால் மெதுவாகப் போவதால் புலத்துக்குள் அதிக நேரம் இருக்கிறது. தேர்வில் மாட்டிவிடும் இடம் இதுதான்.

கேள்வி: எலக்ட்ரானைக் கண்டுபிடித்த தாம்சனுக்கு முன்பே இயற்பியலாளர் ஹெர்ட்ஸ், தட்டுகளை வைத்துக் கதிரை வளைக்க முயன்றாராமே?

பதில்: ஆமாம், 1883-இல். கேதோடு கதிர், அதாவது வெற்றிடக் குழாயின் எதிர்மின்வாயிலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை, வளையவே இல்லை. அதனால் அதற்கு மின்னூட்டம் கிடையாது என்று முடிவுகட்டினார். உண்மையில் குழாயில் மிஞ்சியிருந்த வாயு, கதிர் பட்டு அயனியாகித் தட்டுகளின் புலத்தை மறைத்துவிட்டது. 1897-இல் கேம்பிரிட்ஜில் தாம்சன் காற்றை இன்னும் நன்றாக வெளியேற்றினார், கதிர் வளைந்தது. அப்புறம் குறுக்கே காந்தப்புலத்தையும் கொடுத்து, வளைவைச் சரிக்கட்டி வேகத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் கிடைத்தது. வெற்றிட பம்புக்குப் பாதிப் புகழ் சேர வேண்டும் என்பேன்.

கேள்வி: பழைய டிவிக்குள்ளும் இதே தட்டுகள்தானா அண்ணா?

பதில்: இல்லை தம்பி, அதில் காந்தச் சுருள். தட்டுகள் இருந்தது பழைய ஆசிலோஸ்கோப்பில், அதாவது மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவியில். இன்றைக்கும் பொட்டலங்களில் தேதி அச்சிடும் ஒருவகை இங்க்ஜெட் இயந்திரம், மைத்துளிக்கு மின்னூட்டம் கொடுத்துத் தட்டுகளுக்கு நடுவே செலுத்துகிறது. ஊட்டம் கூடினால் விலக்கமும் கூடும். ஊட்டம் பெறாத துளி நேரே போய்ச் சேகரிப்புக் குழாயில் விழுந்து மறுபடி தொட்டிக்கே திரும்பிவிடும்.