சோம்பலும் அசதியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வலங்கைமான் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். சென்ற வாரத் தேர்வில் ‘சுறுசுறுப்பு’ என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தேன். விடை ‘சோம்பல்’. ஒரு மாணவி ‘அசதி’ என்று எழுதியிருந்தாள். தவறு என்று அடித்துவிட்டேன். இன்னொருவன் ‘மந்தம்’ என்று எழுதினான்; அரை மதிப்பெண் போட்டேன். சக ஆசிரியர் ஒருவர் நான் செய்தது சரியில்லை என்கிறார். எது சரி? சோம்பலைக் குறிக்கும் ‘மடி’ என்ற பழைய சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? எல்லோரும் ‘டல்’ என்கிறார்களே, அதற்கு நல்ல தமிழ் உண்டா? நூறு நாள் வேலை வந்த பிறகு எங்கள் ஊரில் ஆட்களெல்லாம் சோம்பேறிகளாகிவிட்டார்கள், அதனால் இந்தச் சொல்லைத்தான் நீங்கள் முதலில் படிக்க வேண்டும் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்லிவைத்தேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள், இருவருக்கும் முழுதாக. ‘டல்’லுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். ‘மடி’யைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் சில வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் யாரும் தொடக்கூடாதென்று கொடியில் தனியாக உலரும் பாட்டியின் மடிப் புடவைதான் ஞாபகத்துக்கு வரும். அதற்குத் தயாராக இருங்கள்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். மாசியில் நீடாமங்கலம் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் சாய்வு நாற்காலியில் கிடந்த ஒரு பெரியவர், நீங்கள் எழுதியிருக்கும் அதே வாக்கியத்தைச் சொன்னார். பகல் பதினோரு மணி இருக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே சொன்னார். அவர் அப்போது செய்துகொண்டிருந்ததற்கு எங்கள் ஊரில் ஓய்வு என்று பெயர். அன்றிலிருந்து இது மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. இப்போது நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சோம்பல் என்று சொன்ன மாத்திரத்தில் குற்றம் சாட்டியாகிவிட்டது. முடியும், ஆனால் மனமில்லை என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. அசதி என்றால் உடம்பு ஏற்கெனவே எதையோ செய்து முடித்திருக்கிறது, இல்லையென்றால் உடம்பில் எதுவோ குறைகிறது. சோம்பேறி என்று ஓர் ஆளைக் காட்டலாம். அசதியேறி என்று எவனும் கிடையாது. மந்தம் வயிற்றுக்கும் வரும். அதற்காக வயிற்றை யாரும் திட்டுவதில்லை, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறோம். வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில், கெடப்போகிறவர்கள் ஆசையாக ஏறும் மரக்கலத்தைச் சொல்லும்போது நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்கைப் பிரித்து வைக்கிறார். தள்ளிப்போடுவது வேறு, மறப்பது வேறு, சோம்பல் வேறு, தூக்கம் வேறு. அத்தனை கண்டிப்பான மனிதர். உழைத்து அலுத்தவரை அந்தக் கலத்தில் ஏற்றவில்லை. நீங்கள் ஒரே வரியில் ஊரையே ஏற்றிவிட்டீர்கள்.

என் பெரியம்மாவைப் பற்றி இங்கே எழுதியதில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு ‘மந்தம்’ என்றே பெயர். பின்கட்டுத் தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் எழுப்புவதற்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டும். கிணற்றடியிலிருந்து குடத்தோடு நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். வீட்டு ஆட்களுக்கும் நடவாட்களுக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டுவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடுகிறவரும் அவர்தான். அது யார் கணக்கிலும் வரவில்லை. முந்தானையில் பச்சரிசியை முடிந்துவைத்து மென்றுகொண்டே இருப்பார். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று சின்னப் பெண்களை மிரட்டுவார்கள். கல்யாணமாகிப் பல காலம் ஆனவரை எதைச் சொல்லி மிரட்டுவது? ‘தின்னி’ என்று இன்னொரு பட்டம் கொடுத்தார்கள்.

வேறு எதற்கோ தஞ்சாவூருக்கு அழைத்துப் போனபோது டாக்டர் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளிறிக் கிடந்தது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6 சொச்சம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த உடம்பு இப்படி அரிசி, மண், சாம்பல் என்று எதையாவது கேட்பதுண்டு என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்ட சில மாதங்களில் பெரியம்மா தூணை விட்டார், அரிசியையும் விட்டார். ஆனால் கொடுத்த பெயரை வீட்டில் ஒருவரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சாகும்வரை மந்தம்தான்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. உங்கள் ஊரில் சேற்றில் குனிந்து நடுகிற பெண்களும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். அவர்களைத்தான் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் முன்னால் வேடிக்கையாக்கியிருக்கிறீர்கள். தமிழாசிரியர் செய்கிற காரியமா இது?

நூறு நாள் வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2005-ல் வந்த அந்தச் சட்டம் சொன்னது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள். ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. மிச்ச நாளெல்லாம் அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டீர்களா? மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள், அதுவும் தண்ணீர் இருக்கிற ஆண்டில். பிறகு அடுத்த ஜூன் வரைக்கும் வெண்ணாற்றில் மணல்தான். அந்த இடைவெளியில் முன்பு உளுந்து இருந்தது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற பயிருக்குள் விதையைத் தெளித்துவிடுவார்கள்; மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே விளைந்துவிடும். அறுவடை இயந்திரம் வந்து அறுப்புக் கூலியை எடுத்துக்கொண்டது. அதன் சங்கிலி ஏறிய இடத்தில் உளுந்து முளையும் நசுங்கியது. நடவுக் கூலியை மிச்சம்பிடிக்க நேரடி விதைப்புக்குப் போனவர்கள் நிலம் வைத்திருக்கிறவர்கள். வேலையை இவர்கள் எடுத்துவிட்டு, வேலை செய்கிறவருக்குச் சோம்பேறி என்று பெயர் வைக்கிறார்கள். குறுவை நடவு ஒரே நேரத்தில் எல்லா வயலுக்கும் வரும்போது ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். பத்து வயலுக்கு ஒரே நாளில் ஒரே பெண் எப்படி இறங்குவாள்?

கோபமாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் தோன்றட்டும். நீங்கள் நல்ல ஆசிரியர்தான். ஒரு மதிப்பெண்ணுக்காக இவ்வளவு தூரம் கடிதம் எழுதுகிறவர் வேறு யாராக இருக்க முடியும்? ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளியில் வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா, அதைப் பிள்ளைகள் விழுங்குகிறார்களா, ஜன்னல் வழியே எறிகிறார்களா என்று பாருங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, உங்கள் கண் முன்னாலேயே விழுங்கச் சொல்லுங்கள். கையோடு டீ குடிக்க விடாதீர்கள், அது சத்தைச் சேரவிடாது. ‘அசதி’ எழுதிய பெண்ணை முதல் வரிசையில் நிறுத்துங்கள்.

அன்புடன்.