மாயா மன்னர் பாகாலின் கல்லறை மூடியில் இருப்பது விண்கலமா?

மெக்சிகோவில் கிடைத்த ஒரு மாயா மன்னரின் கல்லறை மூடியில் விண்கலத்தை இயக்கும் மனிதர் செதுக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. ஆனால் முதல் பார்வையில் அப்படித் தோன்றுவதற்காக யாரையும் கேலி செய்ய மாட்டேன். பள்ளியில் படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பழைய வார இதழ் ஒன்றில் அந்தப் படத்தைப் படுக்கைவாட்டில் அச்சிட்டிருந்தார்கள். சாய்ந்து அமர்ந்திருக்கும் ஒருவர், எதையோ திருகுவதுபோல் கைகள், மூக்கருகே ஒரு குழாய், பின்னால் தீப்பிழம்பு என்று படத்தோடு இருந்த விளக்கம் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டியபோது நம்பாமல் இருக்க முடியவில்லை. 1968-இல் சுவிட்சர்லாந்து எழுத்தாளர் ஒருவர் தம் நூலில் பரப்பிய கருத்து அது என்பதும், அந்தச் சிற்பத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுத்தான் அவ்வாறு வாசித்தார்கள் என்பதும் பின்னாளில்தான் தெரிந்தன.

மூடி இருக்கும் இடம் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் உள்ள பாலென்கே. அங்குள்ள கல்வெட்டுக் கோயில் ஒன்பது அடுக்குகள் கொண்ட பிரமிடின் உச்சியில் நிற்கிறது. அதன் தரையில் பதித்திருந்த பலகைக்கல் ஒன்றில் துளைகள் இருப்பதையும், அவை கல் அடைப்பான்களால் மூடப்பட்டிருப்பதையும் 1949-இல் கவனித்தவர் அல்பெர்தோ ரூஸ் என்ற தொல்லியலாளர். தரையில் பதிக்கும் கல்லுக்குத் துளை எதற்கு என்ற ஐயத்தில் அதைத் தூக்கிப் பார்த்தால், மண்ணும் கல்லும் இட்டு நிரப்பிய படிக்கட்டு கீழே இறங்கிச் சென்றது. அதைத் துப்புரவு செய்வதற்கே நான்கு அகழாய்வுப் பருவங்கள் ஆயின. 1952 ஜூன் மாதம் அவர் அடியில் இருந்த அறையை எட்டினார். நவம்பரில், பல டன் எடையுள்ள அந்த மூடியை மரக்கட்டைகளின்மேல் வைத்த மோட்டார் வாகன ஜாக்கிகளால் அங்குலம் அங்குலமாக உயர்த்தினார்கள். உள்ளே சாதிலிங்கம் என்னும் செந்நிறத் தாதுப்பொடி தூவிச் சிவந்த பேழையில், முகத்தில் ஜேடு பச்சைக்கற்களால் இழைத்த முகமூடியும், வாயில் ஒரு பச்சைக்கல் மணியும், கைகள் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக்கல்லுமாக ஓர் எலும்புக்கூடு கிடந்தது. (அந்த முகமூடி 1985 கிறிஸ்துமஸ் இரவில் மெக்சிகோ நகரின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டு, 1989-இல் மீட்கப்பட்டது தனிக்கதை.)

இப்போது மூடிக்கு வருவோம். நீளம் சுமார் 3.8 மீட்டர், அகலம் 2.2 மீட்டர். அதன் தலைப்பக்கம் வடக்கு. அடியில் மன்னரின் உடலும் தலை வடக்காகவே கிடத்தப்பட்டிருந்தது. ஆகவே படத்தை நெட்டுவாக்கில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். அப்படி நிறுத்தியவுடன் ‘தீப்பிழம்பு’ இருந்த இடத்தில் வாயைப் பிளந்த எலும்புத் தாடைகள் தெரிகின்றன. பாம்பும் பூரானும் கலந்த அந்த உருவம் மாயாக் கலையில் பாதாளத்தின் நுழைவாயில். அதற்குமேல் சூரியக் குறி பொறித்த படையல் கிண்ணம். அதில் ஒரு சங்கும், மன்னர்கள் தம் உடலைக் குத்திக் குருதி சிந்தப் பயன்படுத்திய திருக்கை மீன் முள்ளும் இருக்கின்றன. கிண்ணத்தின்மேல் மன்னர் வெறுங்காலோடு, மணிகளால் கோத்த பாவாடை அணிந்து சாய்ந்திருக்கிறார். அவர் உடலுக்கு மேலே சிலுவை வடிவில் எழுவது, பாதாளத்தையும் பூமியையும் வானத்தையும் இணைப்பதாக மாயாக்கள் கருதிய உலக மரம். அதன் கிளைகளில் இரட்டைத் தலைப் பாம்பு வளைந்து கிடக்க, உச்சியில் ஒரு பெரிய தெய்வப் பறவை அமர்ந்திருக்கிறது. மூக்கருகே உள்ள ‘குழாய்’ ஓர் அணிகலன். அதைப் போன்றவற்றைப் பிற மாயா உருவங்களிலும் காணலாம்.

இதை யாரோ ஊகித்துச் சொன்னதாக நினைக்க வேண்டாம். அந்தக் கல்லறையிலிருந்து சற்றுத் தூரத்தில், பாகாலின் மகன் கான் பலாம் 692-இல் அர்ப்பணித்த சிலுவைக் கோயில் இருக்கிறது. அதன் கற்பலகையிலும் அதே மரம், அதே பறவை, அடியில் அதே கிண்ணம். இருபுறமும் மனிதர்கள் தரையில் நின்று அதை வழிபடுகிறார்கள். அருகே இன்னொரு கோயிலில் மரத்தின் இடத்தில் மக்காச்சோளச் செடி நிற்கிறது. அதன் கதிர்கள் மனிதத் தலைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. மூடியை மட்டும் தனியே பெயர்த்தெடுத்துப் பார்த்தால் எந்திரமாகத் தெரிவது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மரமாகவும் பயிராகவும் ஆகிவிடுகிறது.

மக்காச்சோளம் ஏன் என்பதற்குத் தொன்மத்துக்குள் போக வேண்டும். கிச்சே மாயாக்களின் பொப்போல் வூ என்ற நூலில், தெய்வங்கள் முதலில் மண்ணாலும் பிறகு மரத்தாலும் மனிதரைச் செய்து தோற்று, கடைசியில் மஞ்சள், வெள்ளை மக்காச்சோள மாவைப் பிசைந்து வெற்றி பெறுகிறார்கள். அதே நூலில், ஷிபால்பா என்னும் பாதாளத்தின் அதிபதிகள் ஊன் ஊனாப்பூ என்பவரைக் கொன்று, தலையை ஒரு மரத்தில் வைக்கிறார்கள். அதுவரை காய்க்காத மரம் உடனே திருவோட்டுக்காயாகக் காய்த்துக் குலுங்குகிறது. அந்தத் தலை உமிழ்ந்த எச்சிலைக் கையில் ஏந்திய பெண் கருவுற்றுப் பெறும் இரட்டையர்கள் பாதாளத்துக்கே சென்று அதன் அதிபதிகளை ஏமாற்றி வெல்கிறார்கள். புதைபட்டது முளைப்பதும் வெட்டுண்டது காய்ப்பதும்தான் கதை முழுதும் ஓடும் இழை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பொப்போல் வூ எழுத்தில் வந்தது 16-ஆம் நூற்றாண்டில், அதுவும் குவாத்தமாலாவின் மலைநாட்டில்; நம்மிடம் இருப்பதோ பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்ற பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த படி. ஏழாம் நூற்றாண்டுப் பாலென்கேவுக்கு அதைச் சாவியாகப் பயன்படுத்தலாமா? வரிக்கு வரி பொருத்திப் பார்ப்பதை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் 2001-இல் குவாத்தமாலாவின் சான் பர்த்தோலோவில் கண்டுபிடிக்கப்பட்ட, கி.மு. 100-ஐ ஒட்டிய சுவரோவியங்களில், மக்காச்சோளத் தெய்வமும், மரங்களின் உச்சியில் அதே தெய்வப் பறவையும் தெளிவாக இருக்கின்றன. அதாவது பாகால் பிறப்பதற்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கருத்துகள் புழக்கத்தில் இருந்தன. மூடியில் மன்னர் பாதாளத்துக்குள் விழுகிறாரா, அதிலிருந்து எழுகிறாரா என்பதில்தான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு. மணிப் பாவாடை மக்காச்சோளத் தெய்வத்தின் உடை என்பதால், எழுகிறார் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பேழையின் பக்கங்கள் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்துகின்றன. விண்கலக் கட்டுரைகள் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அங்கே பாகாலின் முன்னோர்கள் நிலப்பிளவிலிருந்து பழமரங்களோடு முளைத்தெழுகிறார்கள். அவர் தாய் சாக் குக்கின் பின்னால் இருப்பது கொக்கோ மரம், மற்றவர்களுக்கு வெண்ணெய்ப்பழம், கொய்யா, சப்போட்டா போன்றவை. நம் கொல்லையில் நிற்கும் கொய்யாவும் சப்போட்டாவும் அந்த நிலத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதாம்.

இவ்வளவுக்கும் மேலாக, அந்த மனிதர் யார் என்பதை மூடியின் விளிம்பில் உள்ள எழுத்துகளே சொல்கின்றன. ரூஸ் காலத்தில் அவற்றில் தேதிகளை வாசிக்க முடிந்ததே தவிரப் பெயரை வாசிக்க முடியவில்லை. மாயா எழுத்தில் அசைக்குறிகள் உண்டு என்று சோவியத் அறிஞர் யூரி குனோரோசோவ் 1952-இல் காட்டியது மெல்ல ஏற்கப்பட்ட பிறகே வழி திறந்தது. ‘பாகால்’ என்றால் கேடயம். எழுத்தர்கள் அதைச் சில இடங்களில் கேடயப் படமாகவே வரைந்தார்கள்; வேறு சில இடங்களில் ப, க, ல என்று மூன்று அசைக்குறிகளால் எழுதினார்கள். இரண்டும் ஒரே பெயர் என்று புரிந்தபோது மன்னர் வெளிப்பட்டுவிட்டார். 1973 டிசம்பரில் பாலென்கேயிலேயே கூடிய கருத்தரங்கில் லிண்டா ஷீலி, பீட்டர் மாத்யூஸ், ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி ஆகிய ஆய்வாளர்கள் ஒரே பிற்பகலில் அந்த அரச மரபின் பெரும்பகுதியை வரிசைப்படுத்தினார்கள். பாகால் பிறந்தது 603 மார்ச்சில், 12 வயதில் அரியணை ஏறியது 615-இல், இறந்தது 683 ஆகஸ்டில். பிறந்த நாளும் இறந்த நாளும் பொறித்து, தாய் தந்தையின் உருவங்களும் சூழக் கிடப்பவரை வேற்றுக்கிரகத்தவர் ஆக்குவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

மற்றொன்று: அந்த மூடி ஊரார் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. படிக்கட்டின் வழியே நுழைக்க முடியாத அளவுக்குப் பேழை பெரியது. அதை முதலில் வைத்துவிட்டுத்தான் பிரமிடையே எழுப்பியிருக்கிறார்கள். அடக்கம் முடிந்ததும் படிக்கட்டையும் தூர்த்துவிட்டார்கள். ஆனால் பேழையிலிருந்து கிளம்பி, படிகளின் ஓரமாகவே ஏறி, மேலே கோயில் தரைவரை செல்லும் மெல்லிய கல்குழாய் ஒன்றை மட்டும் அடைக்காமல் விட்டிருந்தார்கள். உள்ளே இருப்பவரோடு மேலே இருப்பவர்கள் பேசுவதற்காக என்பது ரூஸின் கருத்து.