அப்பாட இரும்பு ட்ரில்லைப் பிடிச்சா கை கூசுது

கேள்வி: அண்ணா, நாங்க கடற்கரைப் பக்கம். அப்பா தச்சு வேலை செய்தவர், அவர்ட இரும்பு பொடி (வெளிக்கூடு) உள்ள ட்ரில் ஒண்டு பட்டறைக்குள்ள கிடந்து எடுத்தன், இங்கிலாந்துச் சாமான், உருண்டை மூண்டு கால் பிளக். போட்டா நல்லாச் சுத்துது, ஆனா பிடிச்சா கை கூசுது, செருப்புப் போட்டா ஒண்டும் தெரியேல்ல. பிளக்கை மட்டும் மாத்தினாக் காணுமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: காணாது தம்பி, அதை இண்டைக்கே கழட்டி வைங்க. செருப்புப் போட்டா அடிக்கேல்ல எண்டால் கரண்ட் இல்ல எண்டு அர்த்தமில்ல, உங்கட உடம்புக்குள்ளால நிலத்துக்குப் போற வழி அடைபட்டிருக்கு, அவ்வளவுதான், மழை நாளில மற்றக் கை தண்ணிப் பைப்பில பட்டால் அந்த வழி திறந்திடும்.

உங்களுக்கு ரெண்டு பிழை ஒண்டா இருக்கு. உள்ளுக்க எங்கயோ கரண்ட் பொடிக்குக் கசியுது, அதை நிலத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டிய எர்த் வயரும் வேலை செய்யேல்ல. என்ட மாமாட கிரைண்டரைத் திறந்தப்ப உள்ளுக்க இருந்த ரப்பர் வயரை விரலால மடிச்சன், பொரிச்ச அப்பளம் மாதிரி நொறுங்கி செம்பு வெளியில தெரிஞ்சிச்சு, பச்சை வயரை ஆரோ வெட்டி டேப் சுத்தி விட்டிருந்தாங்க. அதைப் பாத்த நாளில இருந்து பழைய சாமான் எதையும் திறக்காம நான் கரண்ட் குடுக்கிறதில்ல.

பிளக்கைக் கழட்டிப்போட்டுத் திறங்க. வயர் ஒரு இடத்தில நொறுங்கினாலும் முழுக்க மாத்துங்க, மூண்டு கோர் (உள்ளுக்க மூண்டு வயர்) 1 சதுர மில்லிமீற்றர் வளையிற வயர் காணும். பழைய இங்கிலாந்து நிறம் சிவப்பு லைன் (கரண்ட் வாற வயர்), கறுப்பு நியூட்ரல் (திரும்பிப் போற வயர்), பச்சை எர்த். இப்ப மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள். ஆனா நிறத்தை மட்டும் நம்பாதீங்க, பழைய ஜெர்மன் சாமானில சிவப்புத்தான் எர்த், மீற்றர் வச்சுப் பாத்துத்தான் பூட்டணும். சுவிட்ச் லைன் வயரிலதான் இருக்கணும். மோட்டர்ல இருந்து வாற செம்பில உப்புக் காத்துக்குப் பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும், மினுங்கிற செம்பு வரும்வரைக்கும் வெட்டிப்போட்டுப் பூட்டுங்க.

எர்த் பூட்டுற இடத்தில பெயின்டைச் சுரண்டி, வயர் நுனியில வளையம் போட்டு ஸ்பிரிங் வாசரோட இறுக்குங்க. பிளக்குக்குள்ள எர்த் வயரை மற்ற ரெண்டையும் விடக் கொஞ்சம் நீளமா விடுங்க, வயர் இழுபட்டாலும் எர்த் கடைசியாத்தான் கழரும். 13 அம்பியர் பிளக் போட்டால் உள்ளுக்க 3 அம்பியர் பியூஸ், 700 வாட் வரைக்கும் அது போதும். பிறகு பிளக்கின்ட எர்த் காலுக்கும் ட்ரில் சக்குக்கும் (பிட் பூட்டுற வாய்) நடுவில மீற்றர் வச்சா 1 ஓமுக்குக் குறையக் காட்டணும்.

கசிவைப் பாக்க சாதாரண மீற்றர் சரிவராது, அதுட பற்றரி சில வோல்ட்தான். மோட்டர் கொயில் சுத்துறவரிட்ட 500 வோல்ட் மெக்கர் (கசிவு பாக்கிற மீற்றர்) இருக்கும், லைனையும் நியூட்ரலையும் ஒண்டாச் சேத்து, சுவிட்ச் ஒன்ல வச்சு பொடிக்குப் பாக்கச் சொல்லுங்க, 1 மெகா ஓமாவது வரணும். வராட்டி முதல்ல மோட்டர் காபன் தேஞ்சு சேர்ந்த கரித்தூளை பிரஷ்ஷால தட்டி ஊதி வெயிலில காயவச்சுத் திரும்பப் பாருங்க, கனக்க நேரம் அதுதான் காரணம். பிறகும் வராட்டி கொயில் போயிட்டு.

வீட்டு எர்த்தையும் எலக்ட்ரீசியனைக் கொண்டு அளக்கச் சொல்லுங்க, காஞ்ச மணலில கம்பி புதைச்சிருந்தா எர்த் சரியாப் பிடிக்காது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கசிவு வந்தா தானாக் கரண்டை நிப்பாட்டிறது) இல்லாட்டிப் போடுங்க, இருந்தா மாசம் ஒருக்கா டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்க.

கேள்வி: நானா, சவூதியில இருந்து மாமா கொண்டுவந்த 127 வோல்ட் கை கிரைண்டரை இங்க பாவிக்கலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: நேரடியா 230இல குத்தினா கொஞ்ச நேரத்தில எரிஞ்சிடும் தம்பி. வோல்ட் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் போட்டுப் பாவிக்கலாம், 700 வாட் கிரைண்டருக்கு 1000 வாட் தாங்கிறதா எடுங்க. காபன் உள்ள மோட்டருக்கு 60 ஹேர்ட்ஸா 50 ஹேர்ட்ஸா எண்டது பெரிய விசயமில்ல. மேசையில பூட்டுற காபன் இல்லாத கிரைண்டர் எண்டால் வேணாம், 50 ஹேர்ட்ஸ்ல வேகமும் குறையும், சூடேறிக் கொயிலும் எரியும்.