தனிச் சமையல் வேண்டாம்

அன்புள்ள அக்கா,

மொரீஷியஸ் தீவில், வாக்குவா ஊரில் இருக்கிறேன், வயது 38. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 சதவீதம் என்று வந்தது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையாம். அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை உண்டு. பயந்துபோய் சோற்றை அடியோடு விட்டுவிட்டேன். எனக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி, மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு. ஐந்து நாள் தாக்குப்பிடிக்கிறேன். சனிக்கிழமை பருப்பு அடைத்த தால் பூரி விற்கிற கடையைக் கண்டால் எல்லாம் போய்விடுகிறது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மனதில் ஒரு குறையும் இல்லை. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்திருப்பீர்கள். அப்போது மீனுக்கும் கோழிக்கும் இப்படி ஏங்கினீர்களா? வீடு முழுக்க ஒரே சமையல், அதனால் சிரமம் தெரியவில்லை. இப்போது பக்கத்து அடுப்பில் தாளிக்கிற வாசனையோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டு கஞ்சி குடிக்கிறீர்கள். அது யாராலும் ஆகாது.

இந்தத் தீவே ஒரு தடவை சமையலை மாற்றிப் பார்த்திருக்கிறது. முன்பு ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். 1987இல் அரசாங்கம் அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992இல் மறுபடி பரிசோதித்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. அதில் எண்ணெய்க்கு நல்ல பங்கு உண்டு. யாரும் வைராக்கியம் எடுக்கவில்லை, கடையில் கிடைத்ததை வாங்கி எப்போதும்போல் சமைத்தார்கள். ஆனால் அதே ஐந்து வருடத்தில் எடை கூடியவர்கள் அதிகமானார்கள், சர்க்கரை நோயும் குறையவில்லை. எண்ணெயின் வகை மாறினால் மட்டும் போதாது. அதன் அளவு, தேநீரில் போடுகிற சர்க்கரை, நம் நடை எல்லாமே மாற வேண்டும்.

முதலில் தேநீர். பால் தேநீரில் இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு மூன்று தடவை என்றால் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை ஆகிவிடுகிறது. சேர்க்கிற சர்க்கரை நாள் முழுக்க அந்த அளவைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறம் எண்ணெய். என் அம்மா போத்தலை அப்படியே சட்டியில் கவிழ்ப்பார். நான் போத்தலை அலமாரிக்குள் வைத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணமும் கரண்டியும் வைத்தேன். மாதம் இரண்டு போத்தல் ஆனது ஒன்றாகக் குறைந்தது. ரசம் ருசியில் ஒரு மாற்றமும் இல்லை.

சோற்றை விட வேண்டாம், தம்பி. தட்டில் பாதி கீரையும் காயும், கால் பங்கு லாந்திப் பருப்போ காய்ந்த அவரையோ, மீதி சோறு. கீரையையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை சட்டென்று ஏறாது. கீரை என்றால் எனக்கு முருங்கைதான். இங்கே பேசுகிற கிரியோல் மொழியில் முரூம் என்கிறோமே, அது நம் முருங்கைதான், வாய் மாறி அப்படி ஆகிவிட்டது. சாயங்காலம் ஈர்க்கைப் பிடித்து மேலிருந்து கீழாக உருவினால் இலை கையோடு வரும். பழுத்ததைத் தள்ளிவிட்டு, பூண்டும் வெங்காயமும் வதக்கித் தண்ணீர் கொதித்ததும் இலையைப் போடுங்கள். நிறம் மாறுவதற்குள் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். அந்தப் புய்யோன், அதாவது கீரைச் சாறு, ஒரு கிண்ணம் உள்ளே போனால் சோறு தானாகக் குறையும். ஏழு கறி வைக்கத் தெரிந்த வீட்டுக்கு வெளிநாட்டுத் தானியம் எதற்கு?

தால் பூரியை விலக்கி வைக்காதீர்கள். சனிக்கிழமை வீட்டோடு போய் ஒரு ஜோடி சாப்பிடுங்கள். கூடவே கத்தோ பிமா என்கிற மிளகாய் வடையும் குளிர்பானமும் வாங்குகிறோம் பாருங்கள், அதை விடுங்கள்.

நடைக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் கழுவுவதற்கு முன்னால் பதினைந்து நிமிடம் தெருவில் நடங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. சாப்பிட்ட கையோடு நடந்தால் தசைகள் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஒரு விஷயம்: அப்பா மாத்திரை போடுபவராக இருந்தால், சாப்பாடு குறையும்போது சர்க்கரை அதிகமாகத் தாழ்ந்துவிடலாம். வீட்டுச் சமையலை மாற்றுவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்து, என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எண்ணெய்க் கரண்டியைப் பார்த்து உங்கள் அம்மா என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா