பழைய கணினிக்குப் புதிய பிராசசர்: எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: 2018ஆம் ஆண்டு இறுதியில் வாங்கிய கணினி என்னிடம் இருக்கிறது. ரைசன் 5 1600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம். சென்ற ஆண்டு கிராபிக்ஸ் கார்டை மட்டும் ஆர்டிஎக்ஸ் 3060 ஆக மாற்றினேன். ஆனாலும் விளையாடும்போது இடையிடையே திணறி நிற்கிறது. போர்டு, ராம், பிராசசர் மூன்றையும் சேர்த்து மாற்றினால்தான் சரியாகும் என்று கடைக்காரர் சொல்கிறார். இவ்வளவு செலவு அவசியமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அவசியமில்லை. உங்களிடம் இருக்கும் பி450 போர்டின் ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்), 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசனையும் ஏற்கும், 2022இல் வந்த ரைசன் 5 5600ஐயும் ஏற்கும். இன்றைய புதிய போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் போனால், உங்கள் டிடிஆர்4 ராம் பொருந்தாது; டிடிஆர்5 என்ற புதிய வகை ராமும் வாங்கியாக வேண்டும். 2025 இறுதியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள் அந்தச் செலவைத் தள்ளிப்போடவே விரும்புவார்கள்.

இருந்தாலும், பணத்தை எடுப்பதற்கு முன் குறை பிராசசரில்தான் இருக்கிறதா என்பதை நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். திணறும் விளையாட்டைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டு விழுக்காட்டைத் திரையில் காட்டும்படி அமைத்துக்கொண்டு சற்று நேரம் விளையாடுங்கள். அது 95க்கு மேலேயே நின்றால் கார்டு தன் முழு வலிமையோடு உழைக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பிராசசரை மாற்றிப் பெரிய பலன் இராது. அது 50, 60 என்று அலைந்துகொண்டிருக்க, படமும் திணறினால், கார்டுக்கு வேலை கொடுக்க பிராசசரால் இயலவில்லை. ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்குக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறவில்லை என்றால் ஐயமே வேண்டாம்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பயன்பாடு 40 விழுக்காடு என்று காட்டுவதைப் பார்த்து, இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண், பிராசசரின் ஆறு கோர்களும் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய பன்னிரண்டு திரெட்களின் (வேலைத் தொடர்கள்) சராசரி. பெரும்பாலான விளையாட்டுகளில் முக்கியமான வேலை ஓரிரு கோர்களின் மீதே விழுவதால், அந்த ஒரு கோர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது மற்றவை சும்மா இருக்கும்.

அடுத்தது ராம். ஒற்றை ஸ்டிக்கில் ஓடும்போது ஒரே சேனல்தான் இயங்குகிறது. ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை பாதியாகிவிடுகிறது. அதோடு இன்றைய விளையாட்டுகளுக்கு 8 ஜிபி போதாது. ஆகவே அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக்கை, போர்டின் கையேடு சொல்லும் ஸ்லாட்டில் முதலில் போடுங்கள். பயாஸில் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கவும் மறக்க வேண்டாம்; இயக்காவிட்டால் ராம் தன் பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தில் ஓடாமல் போகலாம். திணறலில் ஒரு பகுதி இதிலேயே தீரக்கூடும்.

பிராசசரில் என் பரிந்துரை ரைசன் 5 5600. கோர் எண்ணிக்கையில் உங்கள் 1600க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். வேறுபாடு உள்ளே இருக்கிறது. 1600இல் 16 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) இரண்டு துண்டாகப் பிரிந்து, மூன்று கோருக்கு 8 எம்பி என்று கிடக்கிறது. 5600இல் ஆறு கோர்களும் 32 எம்பியை ஒன்றாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு கோரின் தனி வேகமும் வெகுவாகக் கூடியிருக்கிறது. பெயர் நெருக்கமாக இருக்கிறதே என்று 5500ஐ வாங்கிவிடாதீர்கள்; அதில் கேஷ் பாதிதான். 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி அருமையான பிராசசர் என்றாலும், ஆர்டிஎக்ஸ் 3060 அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதன் பெட்டியில் கூலர் (பிராசசரைக் குளிர்விக்கும் விசிறி) வராது என்பதால் அதையும் தனியாக வாங்க வேண்டும். 5600ஐப் போடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது.

பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். 2018இன் பயாஸுக்கு 5600 என்றால் என்னவென்று தெரியாது. மாற்றிய பிறகு திரையே வராது. போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசசர் பட்டியலைப் பார்த்து, எந்தப் பதிப்பு தேவை, அந்தப் பதிப்பு பழைய பிராசசரோடும் ஓடுமா என்று படித்துவிட்டுத் தொடங்குங்கள். மின்சாரம் நிற்கக்கூடிய வேளையில் இதைச் செய்யவே கூடாது. யுபிஎஸ் இல்லையென்றால் இருக்கும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். வட்டில் பிட்லாக்கர் (விண்டோஸின் தரவுப் பூட்டு) குறியாக்கம் இருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்ட பிறகே கை வையுங்கள்.

கழற்றும்போது நிதானம் வேண்டும். ஏஎம்4 வகையில் 1331 பின்களும் பிராசசரிலேயே இருக்கின்றன. ஏழெட்டு ஆண்டாகக் காய்ந்த தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் களிம்பு) பசைபோல் ஒட்டியிருக்கும் என்பதால், கூலரை நேராகப் பிடித்து இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் பிய்ந்து வந்து பின்கள் வளைந்துவிடும். கால் மணி நேரம் விளையாடிச் சூடாக்கி, அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, கூலரின் திருகுகளைக் கழற்றியபின் அதை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திவிட்டு எடுங்கள். 1600உடன் வந்த ரெய்த் ஸ்பயர் கூலர், 5600 பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த்தைவிடப் பெரியது. தூசு தட்டி, புதிய பேஸ்ட் தடவி, அதையே மாட்டுங்கள்.

பெட்டியோடு வரும் பிராசசருக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. பெட்டியில்லாத ட்ரே பிராசசரைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், உத்தரவாதம் யாருடையது, எத்தனை காலம் என்பதை எழுதி வாங்குங்கள். "பில் இல்லாமல் எடுத்தால் ஜிஎஸ்டி மிச்சம்" என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது பி250 போர்டும் கோர் ஐ5 7400உம். ஒரே 1151 சாக்கெட் என்பதால் பழைய ஐ7 8700 ஒன்றை வாங்கிப் போடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வாங்காதீர்கள். சாக்கெட்டின் எண் ஒன்றாக இருந்தாலும், 8700 சேர்ந்த எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும். உங்கள் போர்டில் அது பொருந்தி உட்காரும், ஆனால் இயங்காது. உங்கள் போர்டு ஏற்கக்கூடிய உச்சம் ஐ7 7700கே. நான்கு கோர் கொண்ட அதையும் இப்போது யாரோ பயன்படுத்திக் கழித்ததாகத்தான் வாங்க முடியும். விண்டோஸ் 11இன் பட்டியலிலும் அது இல்லை. உங்கள் நிலையில் மட்டும், அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துப் போர்டோடு மாற்றுவதே சரி.