பெயரைச் சொன்னால் தலை போகும்

அன்புள்ள ஐயா,

கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரியும் டிரம்மண்ட் என்பவர், "நாங்கள் உண்மையில் மெக்ரெகர்கள்" என்று அடிக்கடி சொல்வார். 9ஆம் நூற்றாண்டு மன்னர் கென்னத் மக்அல்பினின் வழிவந்த குலமாம். எடின்பரோ கடையில் குலச்சின்னம் வாங்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். இதில் எவ்வளவு உண்மை? நமக்குக் குடும்பப்பெயரே இல்லையே என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

ஆர்., கிளாஸ்கோ

அன்புள்ள ஆர்.,

மன்னர் கதையை முதலில் முடித்துவிடுவோம். 'என் குலம் அரசகுலம்' என்பது மெக்ரெகர்களின் குலவாக்கு. ஆனால் வரலாற்றாசிரியர்கள் கைகாட்டுவது 14ஆம் நூற்றாண்டு கிரெகர் ஒருவரைத்தான். எந்த ஊர்ப் பரம்பரைதான் மேலே போகப்போக மன்னரிடம் போய் நிற்கவில்லை? சின்னம் விஷயமும் அப்படித்தான். ஸ்காட்லாந்தில் கேடயச் சின்னம் தனி ஆளுக்குப் பதிவாவது, குடும்பப்பெயருக்கு அல்ல. அதற்கென்றே லார்ட் லயன் நீதிமன்றம் இருக்கிறது. நண்பர் ஆணி அடித்ததுதான் மிச்சம்.

என்னைப் பதில் எழுத வைத்தது வேறு. ஓர் அரசாங்கத்தால் ஒரு பெயரை ஒழித்துவிட முடியுமா என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். டிரம்மண்ட், ஆனால் மெக்ரெகர் என்கிறீர்கள்.

மெக்ரெகர்கள் பரம்பரையாக இருந்த நிலத்துக்குப் பட்டா கிடையாது. பட்டா கேம்பல் என்ற இன்னொரு குலத்தார் கையில். நிலம் போனவன் பிறர் மாட்டைத் திருடி ஓட்டிப் போனான். 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயினில் கொல்கூன் குலத்தாரோடு நடந்த சண்டையில் பலர் செத்தார்கள். ஏப்ரலில் உத்தரவு வந்தது: இனி அந்தப் பெயரே இருக்கக்கூடாது. வைத்துக்கொண்டால் மரண தண்டனை. தலைவர் அலஸ்டர், இங்கிலாந்து மண்ணில் கொண்டுபோய் விடுவேன் என்ற ஆர்கைல் பிரபுவின் வாக்கை நம்பிச் சரணடைந்தார். பிரபு வாக்குத் தவறவில்லை. எல்லையைத் தாண்ட வைத்து, அப்படியே திருப்பிக் கூட்டிவந்து, 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கில் போட்டார்கள். இந்த ஆர்கைல் யார்? கேம்பல்களின் தலைவர். உயிர் பிழைத்த மெக்ரெகர்களில் பலர் வைத்துக்கொண்ட பெயர் எது? அதே கேம்பல்!

இதைத்தான் நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குடும்பப்பெயரை ரத்தத்தின் சான்றிதழாக நினைக்காதீர்கள். யாருக்குப் பயந்தோம், யார் நிழலில் ஒதுங்கினோம் என்பதும் அதில்தான் இருக்கிறது. மெக்ரெகர்களில் பேர்போன ராப் ராய் தாயின் பெயரை எடுத்து கேம்பல் என்று கையெழுத்திட்டார். அவர் மகன் ஜேம்ஸ் டிரம்மண்ட் ஆனார். ஒரே வீடு, அப்பாவுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு ஒரு பெயர். தடை 1661இல் நீங்கி, 1693இல் திரும்பி வந்து, 1774இல்தான் ஒழிந்தது. ராப் ராய் 1734இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பால்விடர் கிராமத்தில் ராப் ராயின் கல்லறைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். தூறல், மொய்க்கும் கொசுக்குஞ்சுகள், யார் யாரோ போட்டுப்போன சில்லறைக் காசுகள். கல்லில் 'அவர்களை மீறியும் மெக்ரெகர்' என்று வெட்டியிருக்கிறது. பிற்காலத்தில் வைத்த கல்தான். இருந்தாலும் படித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் ஒருவர் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார், அவரையும் திட்ட மனம் வரவில்லை.

உங்களைத் திட்ட வருகிறது. பொறாமையாமே! நம் தாத்தாக்களில் எத்தனையோ பேர் பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதியைத் தாங்களாகவே, யாரும் கத்தி காட்டாமல், வெட்டிப் போட்டார்கள். அப்பாவின் முதலெழுத்து போதும் என்றார்கள். அதை இல்லாமை என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருகிறது? கிளாஸ்கோ குளிரில் மூளை விறைத்துவிட்டதா?

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெர்த்ஷயரில் அசல் டிரம்மண்டுகளும் ஏராளம், பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பழைய திருச்சபைப் பதிவேடுகளைத் தேடச் சொல்லுங்கள். 'டிரம்மண்ட் என்கிற மெக்ரெகர்' என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் அன்று உண்டு. 1774க்குப் பிறகு குடும்பத்தில் யாராவது பழைய பெயருக்குத் திரும்பினார்களா என்றும் பார்க்கட்டும். ஏதாவது கிடைத்தால் எழுதுங்கள். சுவரில் மாட்டிய சின்னத்தின் படத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.