சாப்பிட்டீங்களாண்ணே?

(வாசகர் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் சொல்பவர், வட சென்னையில் வீடற்ற ஆண்களுக்கான காப்பகம் ஒன்றில் நெருக்கடி நேரங்களைக் கவனிக்கும் கவுன்சலர். அங்கே தங்கியிருப்பவர்களின் நலன் கருதி அவருடைய பெயரும் காப்பகத்தின் பெயரும் தரப்படவில்லை.)

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கிறேன். 'கிரைசிஸ் இன்டர்வென்ஷன்' (நெருக்கடி நேரத் தலையீடு) பற்றிப் பாடத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. காப்பகத்தில் நிஜமாகவே என்ன செய்வீர்கள்? – மாணவி, கோவை

பெரும்பாலும் சோறு வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் நிற்பேன். சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பது வரைதான் எங்களுக்குக் கண்டம். வேலை கிடைத்தவர், கிடைக்காதவர், குடித்தவர், குடிக்கக் காசில்லாதவர் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். சார்ஜ் போட பிளக் பாயின்ட் நாலைந்துதான். "என் போனை எவன்டா கழட்டினது?" என்பதில்தான் பாதி சண்டை ஆரம்பிக்கும்.

தட்டை வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் மூலைக்குப் போகிறவர் யார், தினமும் வம்பளக்கிறவர் இன்றைக்கு ஏன் வாயே திறக்கவில்லை என்று பார்த்து வைத்துக்கொண்டால், பத்து மணிக்கு நடக்கவேண்டிய ரகளை நடக்காது. நடக்காத ரகளைக்கு ரிப்போர்ட் எழுத முடியாது. அதனால் மேலே இருப்பவர்களுக்கு நான் சும்மா நிற்கிற மாதிரிதான் தெரியும்!

கத்திக்கொண்டு அடிக்க வருகிறவரை எப்படிச் சமாளிப்பீர்கள்? – ஓய்வுபெற்ற காவலர், ஆவடி

முதலில் உடம்பு, அப்புறம்தான் மனசு. "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றுதான் ஆரம்பிப்பேன். உபசாரத்துக்காக இல்லை. வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, காரணமில்லாமல் எரிந்து விழுகிறவர் குடித்திருக்கிறார் என்று நாமே முடிவுகட்டிவிடுவோம். காலையில் சுகர் மாத்திரை போட்டுவிட்டு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவரும் அப்படித்தான் இருப்பார். விரலில் குத்திப் பார்த்தால் மெஷினில் 70-க்குக் கீழே காட்டும். விழுங்க முடிகிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில், "மேடம், என்ன ஆச்சு எனக்கு?" என்று அவரே கேட்பார். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-தான்.

இன்னொரு வகை, குடியைத் திடீரென்று நிறுத்தியவர்கள். காந்தி ஜெயந்தி, தேர்தல் என்று டாஸ்மாக் மூடும் நாட்களில் நான் லீவு போடுவதில்லை. 2020 ஊரடங்கில் கடை மூடிய முதல் வாரத்தை எங்கள் தொழிலில் இருக்கும் யாரும் மறக்கமாட்டார்கள். கை நடுக்கம், தூக்கமின்மை என்று ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதை ஒட்டி, பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

பெயின்ட் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் போர்வையை உதறிக்கொண்டே இருந்தார். சுற்றிப் படுத்திருந்தவர்களுக்கு எரிச்சல், ஒருவர் அடிக்கவே எழுந்துவிட்டார். "கம்பளிப்பூச்சி மேடம், நீங்களே பாருங்க" என்றார். இல்லை என்று நான் வாதாடவில்லை; இருக்கிறது என்று ஒத்து ஊதவும் இல்லை. "என் கண்ணுக்குத் தெரியலண்ணே. ஆனா நீங்க பயந்திருக்கீங்கன்னு தெரியுது. வாங்க, வெளிச்சத்துல உக்காருவோம்" என்றேன். நான் முதலில் தரையில் உட்கார்ந்தேன், அவரும் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை எந்தக் கம்பெனி பெயின்ட் சுவரில் நிற்கும் என்பதுதான் பேச்சு. இந்த நிலையைப் பேசிக் குணப்படுத்த முடியாது சார். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். ஆஸ்பத்திரி வரை கூட்டிப்போகத்தான் பேச்சு.

இரண்டும் இல்லை, வெறும் கோபம்தான் என்றால் வேடிக்கை பார்க்கிறவர்களை அனுப்பிவிட்டு ஒரே ஆள் பேச வேண்டும். வாசலை மறித்து நிற்கக்கூடாது. போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேர் வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்துவிடுவார்கள். பையைத் தொடவே கூடாது. ஆதார் ஜெராக்ஸ், மாத்திரைச் சீட்டு, மகள் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதற்குள்தான் இருக்கும். ஓரமாக நகர்த்துகிறேன் என்று நல்லெண்ணத்தோடு கைவைத்த வாட்ச்மேன்கள் வாங்கிய அடியை நான் பார்த்திருக்கிறேன். ஆயுதம் கையில் இருந்தால் மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 100-க்குப் போன் போடுவேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மனநிலை பாதித்த பெண் ஒருவர் சில நாட்களாகச் சுற்றுகிறார். போலீஸ், "இது எங்க வேலை இல்லை" என்கிறது. – வாசகர், விழுப்புரம்

அவர்கள் வேலைதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100-ஐப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் மனநோயோடு சுற்றித் திரிகிறார் என்று தெரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. பலருக்குத் தெரியாத ஒன்று: காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேடும் பொறுப்பும் ஸ்டேஷனுக்கே. வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் இவர்களுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் உள்ளன. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரியுங்கள். குழப்பமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். பெண் என்பதால், இருட்டுவதற்குள் இதைச் செய்யுங்கள்.

உழைக்காத சோம்பேறிகளுக்கு என் வரிப்பணத்தில் சோறா? – வாசகர், சேலம்

சென்னைக்கு வந்தால் காலையில் வாருங்கள், ஆறு மணிக்கு முன்னால். லேட்டாக வந்தால் பார்க்க ஆள் இருக்கமாட்டார்கள். மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போயிருப்பார்கள். மற்றபடி இது தயவு இல்லை. லட்சம் பேருக்கு ஒன்று வீதம், நூறு பேர் தங்கும்படி, வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்பது மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் வகுத்த விதி.

பல வருஷம் முன்பு வீட்டை விட்டுப் போன என் அண்ணன் சென்னையில் ஒரு காப்பகத்தில் இருப்பதாகத் தகவல். போனால் வருவாரா? – பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

முதல் தடவையே வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் விருப்பமில்லாமல் அனுப்பி வைக்க எங்களாலும் முடியாது. சித்தப்பா, மாமா என்று வேன் பிடித்து வராதீர்கள். கூட்டத்தைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். அப்புறம் எந்தக் காப்பகத்திலும் சிக்கமாட்டார். நீங்கள் மட்டும் வாருங்கள், பொறுப்பாளரிடம் முன்னாடியே பேசிவிட்டு. ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். அம்மா காலமாகிவிட்டிருந்தால் அதை எப்போது, யார் சொல்வது என்பதையும் பொறுப்பாளரிடமே கலந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, தப்பாக நினைக்கவேண்டாம். சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்றதும் எங்கள் ஆட்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "கையெழுத்து வாங்க வந்திருக்காங்களா மேடம்?" பாகப்பிரிவினை, பத்திரம் என்று ஏதாவது நிலுவையில் இருந்தால் இந்தப் பயணத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். டீ சாப்பிடுங்கள், உங்கள் நம்பரைப் பேப்பரில் எழுதி அவரிடம் ஒன்று, பொறுப்பாளரிடம் ஒன்று கொடுங்கள். அடுத்த மாதம் மறுபடி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். பிறந்தநாள், நினைவுநாள் என்று பிரியாணி கொடுக்க ஆட்கள் வரும் நாள் அது, நிம்மதியாகப் பேச இடம் கிடைக்காது. செவ்வாய், புதன் சரியாக இருக்கும்.